சீட்டு இருந்தால்தான் சீட்!

வெளிநாடு போன தமிழனுக்கு முதல் மூன்று மாதத்தில் மூன்று கடமைகள் உண்டு. முதல் மாதம், சம்பளம் வந்ததும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப வேண்டும். இரண்டாம் மாதம், 'எல்லாம் வசதிதான், சாப்பாடுதான் ஒத்துக்கலை' என்று போனில் அலுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாதம், ஒரு காரின் மேல் லேசாகச் சாய்ந்து, கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். முன்பு அது ஏர்மெயில் கவரில் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. சாய்கிற கோணம் மட்டும் மாறவே இல்லை.

அமெரிக்கா போன என் அத்தை பையன் இந்தக் கடமையை ஆறே வாரத்தில் முடித்தான். பழைய கொரோலாதான். ஆனால் போட்டோவில் வயசு தெரியுமா என்ன? துபாய் மச்சினன் இன்னும் ஒரு படி மேலே. வளைகுடா நாடுகளில் காருக்குச் சுங்க வரி 5 சதவிகிதம்தான். அங்கே கார் வாங்குவது சுலபம், டிரைவிங் லைசென்ஸ் வாங்குவதுதான் பிரம்மப் பிரயத்தனம். மச்சினன் நாலு முறை டெஸ்ட்டில் கோட்டை விட்டு, ஐந்தாவது முறை தேறி, மறுநாளே ஒரு யானை சைஸ் வண்டியை வாங்கி, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினான். வண்டிக்குப் பக்கத்தில் அவன் பாகன் மாதிரி இருந்தான்.

அடியேன் இருப்பது சிங்கப்பூரில். பதினோரு வருஷமாக. நான் சாய்ந்து நிற்பதெல்லாம் பஸ் ஸ்டாப் கம்பத்தின் மேல்தான்.

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு இது தாங்க முடியாத துக்கம். மாதம் ஒரு முறை போன் செய்வார்.

"ஏன்டா, இன்னும் பஸ்லயா ஆபீஸ் போறே?"

"ஆமாம் பெரியப்பா. டபுள் டெக்கர். ஏ.சி."

"ஏ.சி. கிடக்கட்டும். கம்பெனில ஏதாவது பிரச்னையா? சம்பளம் ஒழுங்கா குடுக்கறானா?"

"அதெல்லாம் குடுக்கறாங்க. இங்கே கார் விலை ஜாஸ்தி பெரியப்பா."

"என்ன பெரிய விலை! நம்ம தெருவுல இஸ்திரி போடற பையன்கூட கார் வாங்கிட்டான்!"

வாஸ்தவம். பெரியப்பாவுக்கு விளக்க முயன்று ஓய்ந்ததை உங்களுக்காவது விளக்கிவிடுகிறேன். 'வெளிநாட்டு வேலை' என்று கனவு கண்டுகொண்டிருக்கும் இளைஞர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். நடுவில் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான்.

* * *

சிங்கப்பூரில் கார் வாங்க முதலில் தேவை கார் இல்லை. ஒரு சீட்டு.

'வாகன உரிமைச் சான்றிதழ்' என்று தமிழில் கம்பீரமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக 'சி.ஓ.ஈ.' 1990 மே மாதம் வந்த ஏற்பாடு இது. 'ஐயா, இந்தத் தீவின் ரோட்டில் ஒரு காரை வைத்துக்கொள்ள எனக்குப் பத்து வருஷம் அனுமதி உண்டு' என்பதுதான் அதன் அர்த்தம். கவனிக்கவும், இது கார் இல்லை. காரின் சக்கரம்கூட இல்லை. கார் வாங்க அனுமதி. சினிமா தியேட்டரில் உள்ளே நுழைய ஒரு டிக்கெட், உட்கார இன்னொரு டிக்கெட் என்று வைத்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

எத்தனை சீட்டு வெளியிடுவது என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் தீர்மானிக்கிறது. 2018 பிப்ரவரியில் கார்களின் வளர்ச்சி விகிதத்தைப் பூஜ்யம் ஆக்கினார்கள். அதாவது, பழைய கார் ஒன்று ரோட்டை விட்டுப் போனால்தான் புதுசு ஒன்று உள்ளே வரலாம். சர்க்கார் ஆபீஸில் ஒருத்தர் ரிடையர் ஆனால்தான் இன்னொருத்தருக்கு நாற்காலி கிடைக்கிற கதை.

இருக்கிற சீட்டுகளை ஏலம் விடுகிறார்கள். மாதம் இரண்டு முறை. சின்ன காருக்கு ஒரு பிரிவு, பெரிய காருக்கு ஒன்று, லாரி பஸ்ஸுக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று, மோட்டார் சைக்கிள் தவிர மற்ற எதற்கு வேண்டுமானாலும் உபயோகிக்கலாம் என்று பொதுவாக ஒன்று. திங்கட்கிழமை தொடங்கி புதன் சாயங்காலம் முடியும். எங்கள் ஆபீஸில் அந்தப் புதன்கிழமை நாலு மணிக்கு ஒருத்தரும் வேலை செய்ய மாட்டார்கள். இந்தியா பாகிஸ்தான் மாட்ச்சின் கடைசி ஓவர் மாதிரி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதில் பாதிப் பேரிடம் கார் வாங்குகிற உத்தேசமே கிடையாது. அடுத்தவன் எவ்வளவு கொடுத்து மாட்டிக்கொள்கிறான் என்று பார்ப்பதில் ஓர் ஆத்ம திருப்தி.

ஏலத்தில் ஒரு வேடிக்கையான நியாயம் உண்டு. நூறு சீட்டுக்கு நூற்றைம்பது பேர் கேட்டால், அதிகம் கேட்ட நூறு பேருக்குக் கிடைக்கும். ஆனால் அவரவர் கேட்ட தொகையைக் கட்ட வேண்டியதில்லை. தோற்றவர்களில் யார் அதிகம் கேட்டாரோ அவர் தொகையோடு ஒரு வெள்ளி கூட்டி, எல்லோரும் அதையே கட்டினால் போதும். (டாலரை இங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள். டாலரைவிடக் கேட்க நன்றாக இருக்கிறது, கொடுக்கும்போதுதான் வலிக்கிறது.)

2023 அக்டோபரில் இந்தச் சீட்டு விலை அது வரையில் இல்லாத உச்சத்துக்குப் போனது. சின்ன கார் சீட்டு 1,06,000 வெள்ளி. பெரிய கார் சீட்டு 1,50,001 வெள்ளி. அந்தக் கடைசி ஒரு வெள்ளியைக் கவனியுங்கள். யாரோ ஒரு மகானுபாவர் ஒன்றரை லட்சம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு வெள்ளியில் தோற்றிருக்கிறார். அன்றிரவு அவர் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தேன். "இன்னொரு வெள்ளி போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

அப்போது ஒரு வெள்ளி சுமார் 61 ரூபாய். பெருக்கிப் பாருங்கள். சின்ன கார் சீட்டு மட்டும் சுமார் 65 லட்சம் ரூபாய். இன்னும் கார் வரவில்லை. ஸ்டியரிங்கூட வரவில்லை. பெரியப்பாவின் தெருவில் மாடி வீடே வந்துவிடும்.

பைக் வாங்கித் தப்பித்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? 2022 நவம்பரில் மோட்டார் சைக்கிள் சீட்டு 13,000 வெள்ளியைத் தாண்டியது. பைக்கைவிட பைக்கின் அனுமதி விலை அதிகம். மாப்பிள்ளையைவிட மாப்பிள்ளை அழைப்புக்குச் செலவு அதிகம் ஆவதில்லையா, அப்படி.

இதே சீட்டு 2008 நவம்பரில், உலகமே பொருளாதாரச் சரிவில் படுத்துக்கிடந்தபோது, சின்ன காருக்கு என்ன விலைக்குப் போனது தெரியுமா? இரண்டு வெள்ளி! ஒரு கோப்பி, ஒரு ரொட்டி விலை. அதாவது ஒருத்தர் ஒரே ஒரு வெள்ளி கேட்டு, அதிலும் தோற்றிருக்கிறார். அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் கும்பிடுவேன். ஆனால் அந்த வருஷம் வேலையே நிலைக்குமா என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கார் வாங்க யாருக்குத் தைரியம் வரும்? சீட்டு மலிவாகக் கிடைக்கிற காலத்தில் சம்பளம் இருக்காது. சம்பளம் இருக்கிற காலத்தில் சீட்டு மலிவாக இருக்காது.

* * *

சரி, சீட்டு வாங்கியாகிவிட்டது. கார்?

சிங்கப்பூரில் கார்கள் கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதிதான். ஒரு காலத்தில் புக்கித் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலை ஒன்று இருந்தது. அந்தக் கட்டிடத்தில்தான் 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ்காரர்கள் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டு, இப்போது அங்கே ஒரு மியூசியம். இன்றைக்கு ஜப்பான் காருக்குச் சரணடைய நினைப்பவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், எந்த ஷோரூமிலும் சரணடையலாம்.

கப்பலில் வந்து இறங்கும் காருக்குச் சுங்க இலாகா ஒரு மதிப்புப் போடும். காரின் விலை, கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து. 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் கச்சேரி.

சுங்க வரி 20 சதவிகிதம், 4,000 வெள்ளி. இரண்டையும் கூட்டி அதன் மேல் ஜி.எஸ்.டி. 2023-ல் 8 சதவிகிதம், 1,920 வெள்ளி. (2024-லிருந்து 9 ஆக்கிவிட்டார்கள்.) பதிவுக் கட்டணம் 350. அப்புறம் 'கூடுதல் பதிவுக் கட்டணம்' என்று ஒன்று. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 350-க்குக் கூடுதல் என்றால் இன்னொரு ஐம்பது நூறு என்றுதானே நினைப்போம்? காரின் மதிப்பு எவ்வளவோ, அவ்வளவு! 20,000 காருக்கு இன்னொரு 20,000. இது முதல் இருபதாயிரத்துக்கு மட்டும். மதிப்பு ஏற ஏற விகிதமும் ஏறும். 2023 பட்ஜெட்டில் வந்த கணக்குப்படி, 80,000-க்கு மேல் போகிற மதிப்புக்கு 320 சதவிகிதம்!

கூட்டுவோம். கார் 20,000, சுங்கம் 4,000, ஜி.எஸ்.டி. 1,920, பதிவு 350, கூடுதல் பதிவு 20,000, சீட்டு 1,06,000. மொத்தம் 1,52,270 வெள்ளி. இதற்கு மேல் ஷோரூம்காரரின் லாபம். அவரும் பிள்ளை குட்டிக்காரர்.

அந்தச் சமயம் செய்தி நிறுவனங்கள்கூட ஒரு ஒப்பீடு போட்டன. அமெரிக்காவில் சுமார் 29,000 அமெரிக்க டாலர் விலையுள்ள டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட், சிங்கப்பூரில் சுமார் இரண்டரை லட்சம் வெள்ளி. ஏறக்குறைய ஆறு மடங்கு. ஒரே கார். ஒரே நாலு சக்கரம்.

பத்து வருஷம் ஆனதும் இந்தக் காரை என்ன செய்வது? அன்றைய சராசரிச் சீட்டு விலையைக் கட்டி இன்னும் ஐந்து அல்லது பத்து வருஷம் நீட்டிக்கலாம். இல்லையென்றால், பளபளவென்று இருந்தாலும், ஒன்று உடைக்கக் கொடுக்க வேண்டும், அல்லது கப்பலேற்றி வேறு தேசத்துக்கு அனுப்ப வேண்டும். நம் ஊரில் அம்பாசிடர்கள் மூன்று தலைமுறையைப் பார்த்தன. தாத்தா வாங்கி, அப்பா ஓட்டி, பேரன் தள்ளினான்.

என் மாடியில் குடியிருக்கும் சீனத்துப் பெரியவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் காரைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவித் துடைப்பார். ஓட்டி நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஓட்டினால் பெட்ரோல் செலவாகும். விரைவுச்சாலையில் ஏறினால் மின்னியல் சாலைக் கட்டணம். போகிற இடத்தில் பார்க்கிங். இங்கேயே இருந்தால் மாதாந்தரப் பாஸ் மட்டும்தான்" என்றார். அரும்பாடு பட்டு வாங்கிய பட்டுப்புடவையைப் பீரோவில் வைத்து, வருஷம் ஒரு முறை எடுத்துப் பார்க்கும் என் பாட்டி ஞாபகம் வந்தது.

இங்கே 1994-ல் சிவப்பு நம்பர் பிளேட் போட்ட கார் ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். வரியில் தள்ளுபடி உண்டு. ஆனால் வேலை நாட்களில் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை வெளியே எடுக்கக் கூடாது, எடுத்தால் தனியாகக் காசு கட்ட வேண்டும். இருட்டின பிறகுதான் வெளியே வரும். ஏறக்குறைய வௌவால்.

பக்கத்திலேயே மலேசியா, ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் பெட்ரோல் மலிவு, அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாமே என்று உங்கள் மூளை ஓடுகிறது, இல்லையா? எல்லோருக்கும் ஓடியது. அதனால்தான் சிங்கப்பூர் கார் எல்லையைத் தாண்டும்போது டாங்க்கில் முக்கால் பாகமாவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்று சட்டம். இல்லாவிட்டால் 500 வெள்ளி வரை அபராதம். சாப்பிட்டுவிட்டுத்தான் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்கிற மாதிரி!

* * *

இவ்வளவும் தெரிந்துதான் மாயவரத்தார் கார் வாங்க முடிவு செய்தார்.

மாயவரத்தார் என்பது எங்கள் ஆபீஸில் அவருக்கு நான் வைத்த பெயர். முப்பத்திரண்டு வயசு. சாஃப்ட்வேர். மனைவி, இரண்டு வயசில் ஒரு பெண். 2023 அக்டோபரில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். விதவைத் தாய். தையல் மெஷின் மிதித்துப் பையனைப் படிக்க வைத்தவர். முழங்கால் தேய்ந்தது எதனால் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"அம்மாவை பஸ்ல அழைச்சிட்டுப் போனா மனசு கேக்கலை அண்ணே. நமக்காக அந்தக் காலத்துல மைல் கணக்கா நடந்தாங்க. ஒரு கார்ல உக்கார வெச்சு ஊரைச் சுத்திக் காட்டணும்" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? கணக்கு வேறு, கண்ணீர் வேறு. அவர் கேட்டது பதில் இல்லை என்பது அடுத்த வரியில் தெரிந்தது.

"லோனுக்கு ஒரு கியாரன்டர் கையெழுத்து வேணுமாம் அண்ணே. நீங்கதான்..."

காபி கப்பைக் கீழே வைத்தேன். நண்பன் கடன் வாங்கும்போது போடுகிற கையெழுத்து இருக்கிறதே, அது கல்யாண ரிஜிஸ்தரில் போடுகிற கையெழுத்தைவிட ஆபத்தானது. அவர் கட்டாவிட்டால் நான் கட்ட வேண்டும். எனக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முடியாது என்றால் நட்பு போகும். சரி என்றால் தூக்கம் போகும்.

"உக்காருங்க, முதல்ல கணக்குப் போடலாம்" என்று டிஷ்யூ பேப்பரை எடுத்தேன்.

கார் விலை 1,70,000 வெள்ளி. இந்த மதிப்புள்ள காருக்கு அதிகபட்சம் 70 சதவிகிதம்தான் கடன் கிடைக்கும், ஏழு வருஷத்துக்கு. ஆகவே கையிலிருந்து 51,000 வெள்ளி போட வேண்டும். அவருடைய மொத்த சேமிப்பே அவ்வளவுதான். மாயவரத்தில் அம்மா பேரில் வீடு கட்ட எடுத்து வைத்த பணம் அது. பாக்கி 1,19,000 கடன். வட்டி இரண்டரை சதவிகிதம் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் அது குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு இல்லை, முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் ஏழு வருஷமும் போடுகிற வட்டி. சேர்த்து வகுத்தால் மாதம் 1,665 வெள்ளி.

பார்க்கிங் பாஸ் 110. பெட்ரோல் 250. இன்ஷூரன்ஸ் மாதத்துக்கு 150. ரோடு டாக்ஸ் 60. சாலைக் கட்டணம், ஆபீஸ் பக்கம் நிறுத்தினால் அதற்குக் கட்டணம் எல்லாம் 165. மொத்தம் மாதம் 2,400 வெள்ளி.

அவர் சம்பளம் 6,500. வீட்டு வாடகை 3,000. ஊருக்கு அனுப்புவது 1,500. கழித்தால் 2,000. அதிலிருந்து 2,400-ஐக் கழித்தால்...

"மைனஸ் நானூறு" என்றார் மாயவரத்தார், எஞ்சினியர் ஆயிற்றே.

"இன்னும் அரிசி வாங்கலை, குழந்தைக்குப் பால் வாங்கலை" என்றேன்.

"சமாளிச்சுடலாம் அண்ணே. இன்க்ரிமென்ட் வரும்."

"அது இருக்கட்டும். காரோட சீட்டு எத்தனை வருஷம்?"

"பத்து."

"உங்க வேலை பாஸ்?"

"ரெண்டு வருஷம்... அதுல எட்டு மாசம் பாக்கி."

"அம்மாவோட விசிட் பாஸ்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "முப்பது நாள்" என்றார்.

இதுதான் சார் விஷயம். சிங்கப்பூரில் காருக்குப் பத்து வருஷம் இருக்க அனுமதி. ஓட்டுகிறவனுக்கு இரண்டு வருஷம். யாருக்காக வாங்குகிறானோ அவருக்கு முப்பது நாள். வேலை போனால், பாஸ் ரத்தாகி முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும். காரைத் திருப்பிக் கொடுத்தால் சீட்டில் மிச்சமிருக்கும் காலத்துக்கு ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதன் மேல் முதலில் கை வைப்பது பாங்க். அது எடுத்தது போக மீதி இருந்தால்தான் நமக்கு.

"2,400-ஐ முப்பதால வகுத்தா தினம் 80 வெள்ளி. 16 வெள்ளி டாக்ஸினா தினம் அஞ்சு தடவை போகலாம். டிரைவரோட!" என்று என் வாதத்தை முடித்தேன்.

"டாக்ஸி நம்ம வண்டி ஆகுமா அண்ணே?" என்றார்.

ஆகாது. அங்கேதான் என் கணக்கு தோற்றது. இந்த ஊரில் அந்தக் காலத்திலேயே வாழ்க்கையின் லட்சியம் ஐந்து 'சி' என்பார்கள். கேஷ், கார், கிரெடிட் கார்டு, காண்டோமினியம் வீடு, கன்ட்ரி கிளப். மாயவரத்தாருக்கு அவற்றில் ஆசை கிடையாது. அவருக்கு ஆறாவதாக ஒன்று இருந்தது. அம்மா.

* * *

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவர், மனைவி, குழந்தை, அம்மா, நான். கையெழுத்துப் போடுகிற பேனா என் சட்டைப் பையில் உறுத்திக்கொண்டிருந்தது.

விற்பனையாளர் உள்ளூர்த் தமிழர். வாய் நிறைய அண்ணே. "அண்ணே, இன்னிக்கே புக் பண்ணிடுங்க. அடுத்த ஏலத்துல இன்னும் ஏறும் லா!" என்றார். கதவைத் திறந்து மூடிக் காட்டினார். 'தப்' என்று ஒரு சத்தம். அந்த சத்தத்துக்கே பத்தாயிரம் வெள்ளி கொடுக்கலாம் என்று தோன்றும். மாயவரத்தார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தேஜஸ். மனைவி முன் சீட்டில். அம்மாவைக் கைத்தாங்கலாகப் பின் சீட்டில் ஏற்றினேன்.

அம்மா சீட்டைத் தடவிப் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மகனிடம் விலை கேட்டார். அவர் தயங்கி, ரூபாயில் சொன்னார். ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேல். அம்மா அதிரவில்லை. ஒரு கோடி என்பது அவருக்கு ஒரு எண்ணாகவே படவில்லை என்று நினைக்கிறேன்.

"எத்தனை நாள் வரும்?"

"பத்து வருஷம்மா."

"அப்புறம்?"

"குடுத்துடணும்."

"நல்லா ஓடினாலுமா? நம்ம வீட்டு மாட்டுக்குக்கூட, கறவை நின்ன பெறகும் சாகற வரைக்கும் தீனி போட்டோமேப்பா" என்றார் அம்மா. விற்பனையாளர் தரையைப் பார்த்தார். பாவம், அவர் பயிற்சியில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

அப்புறம் அம்மா சொன்னதுதான் முக்கியம்.

"இதுல வந்தா நான் பின்னாடி உக்காந்து உன் பின்னந்தலையைப் பாத்துக்கிட்டே வரணும். நீ ரோட்டைப் பாத்துக்கிட்டே போவே. பேசினா 'சும்மா இரும்மா, சிக்னல்'னுவே. பஸ்ஸுல நீ எம் பக்கத்துல உக்காந்து வர்றே. அன்னிக்கு ஒரு சீனத்துப் பொண்ணு எழுந்து எனக்கு இடம் குடுத்துச்சு. அந்த டிரைவரு பலகை எல்லாம் போட்டு ஏத்தி விட்டாரு. முப்பது நாளுக்கு வந்திருக்கேன். பக்கத்துல உக்காருப்பா, போதும்."

யாரும் பேசவில்லை. குழந்தை மட்டும் ஹாரனை அமுக்கியது.

மாயவரத்தார் இறங்கினார். "யோசிச்சு சொல்றேன்" என்றார். பேனாவை நான் சட்டையின் உள் பைக்கு மாற்றிக்கொண்டேன். மிச்சமிருந்த நாட்களில் அம்மாவும் மகனும் பஸ்ஸிலேயே சுற்றினார்கள். கால் ரொம்ப வலித்த இரண்டு நாள் டாக்ஸி. தேக்கா மார்க்கெட்டில் ஒரு நாள் பார்த்தேன். இரண்டு பேரும் தேங்காய் விலையை ரூபாயில் பெருக்கிப் பெருக்கி அதிசயப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா முகத்தில் அந்த ஷோரூமில் பார்க்காத ஒரு சிரிப்பு.

* * *

சிங்கப்பூர் சர்க்காரைத் திட்டுவதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். மொத்த நிலப்பரப்பே சுமார் 730 சதுர கிலோமீட்டர். அதில் பன்னிரண்டு சதவிகிதத்தை ரோடே தின்றுவிடுகிறது. ஆளுக்கொரு கார் என்றால் ஆள் நிற்க இடம் இருக்காது. 1975-லேயே, காரில் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் என்று ஆரம்பித்தார்கள். 1987-ல் ரயில் ஓடத் தொடங்கியது. கார்க்காரனிடம் வலிக்க வலிக்க வாங்குகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கார் இல்லாதவனை நடுத்தெருவில் நிறுத்தவில்லை. அந்த பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏறும். அந்த ரயில் நிலையத்தில் லிஃப்ட் இருக்கும்.

நம் ஊரில் நேர்மாறு. கார் வாங்க முன்பணம்கூட வேண்டாம், போன் செய்தால் வீட்டுக்கே வந்து கடன் கொடுப்பார்கள். கார் மலிவு. ஆனால் ரோடு? சிங்கப்பூரில் விலையைப் பணமாக ஒரே நாளில் வசூலித்துவிடுகிறார்கள். சென்னையில் அதே விலையைத் தினம் ஒன்றரை மணி நேரமாகத் தவணை முறையில் வசூலிக்கிறார்கள். ரசீது கொடுப்பதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

ஆகவே, வெளிநாட்டு வேலைக்கு ஆர்டர் வாங்கி வைத்திருக்கும் தம்பிகளே, சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பூரித்துப் போகாதீர்கள். பெருக்குவதற்கு முன்னால் கழிக்கப் பழகுங்கள். அந்த ஊரில் எது மலிவு, எது விலை அதிகம் என்று போய் இறங்கும் முன்பே விசாரியுங்கள். துபாயில் கார் மலிவு, சிங்கப்பூரில் பஸ் மலிவு. எது மலிவோ அதில் ஏறிக்கொள்ளுங்கள். என்றைக்காவது கார் ஓட்டியே ஆக வேண்டும் என்று கை அரித்தால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. அரிப்பு தீர்ந்ததும் திருப்பி விட்டுவிடலாம்.

மாயவரத்தார் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே?

2024-ல் அவர் இருந்த பிரிவையே கம்பெனி இழுத்து மூடியது. முப்பது நாள் கெடு. கடன் ஏதும் இல்லை, அந்த 51,000 வெள்ளியும் பத்திரமாக இருந்தது. மாயவரத்தில் அம்மா பேரில் வீடு எழும்பியது, வாசலில் படி இல்லாமல் சரிவாக. அவருக்குச் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. போன மாதம் போன் செய்தார்.

"அண்ணே, கார் வாங்கிட்டேன்!"

"சபாஷ்! எங்கேருந்து பேசறீங்க?"

"கார்லேருந்துதான்."

"ஐயோ, வண்டி ஓட்டிக்கிட்டே பேசாதீங்க. அப்புறம் கூப்பிடறேன்."

"ஓட்டலை அண்ணே. சோழிங்கநல்லூர் சிக்னல்ல முக்கால் மணி நேரமா நிக்கறேன். நீங்க நிதானமா பேசுங்க!"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "ஏன்ப்பா, பக்கத்துல பஸ்ஸு போகுது பாரு. எறங்கி ஏறிக்கலாமா?"